துணிக்கு அடியில் சொன்ன விலை

கோமளாவின் வலது கை ஆள்காட்டி விரல் போனதற்கு நான்தான் காரணம். நான் டாக்டர் இல்லை, கத்தியைத் தொட்டவனும் இல்லை. ஆம்பூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பணம் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன். அவருடைய கணவர் என் முன்னால் நின்று, "எவ்ளோ ஆவும் சார்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

இதை இப்போது எழுத வைத்தவர் கல்பனா. என்னிடம் வேலை பழகிய பெண். இன்று வாணியம்பாடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நிர்வாக மேலாளர். சில மாதங்களுக்கு முன் போன் செய்தார்.

"சார், ரேட் எல்லாம் தமிழ்ல எழுதி வாசல்லயே மாட்டணுமாம். சட்டம்ன்றாங்க. எங்க டாக்டருங்களுக்கு ஒரே பேஜார். நீங்க சீனியர். இது நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு உங்க அனுபவத்த வெச்சு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க சார், நாங்க மீட்டிங்ல படிக்கிறோம்."

"நான் எழுதுனா வேற மாதிரி இருக்குமேம்மா."

"எப்படி இருந்தாலும் சரி சார். நீங்க எழுதுனா கேப்பாங்க."

எழுதிவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

என் அப்பா தோல் தரகர். உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோல் மண்டிக்கு வரும். விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்பார்கள். ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை, உள்ளங்கையை அழுத்தினால் சம்மதம். பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்று தெரியாது. அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: "மொதல்ல வாயத் தொறக்கறவன் தோத்தான்டா." நான் பி.காம். படித்தேன், ஒரு தோல் தொழிற்சாலை ஆபீசில் கணக்கு எழுதினேன், பிறகு நர்சிங் ஹோமுக்கு வந்தேன். படிப்பு வேறாக இருந்தாலும் அந்தப் பாடம் கூடவே வந்தது.

நர்சிங் ஹோமை நடத்திய பெரிய டாக்டரை அந்த ஊரில் குறை சொன்னவர்கள் கிடையாது. அவர் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் தோல் மண்டி இருந்தது. குரலை உயர்த்த மாட்டார். கை கழுவினால் முழங்கை வரை நிதானமாகக் கழுவுவார், கழுவிக்கொண்டே வெளியே வரிசையில் இருக்கும் கிழவிகளிடம், "இன்னா பெரிம்மா, ராத்திரி தூங்குனியா?" என்று விசாரிப்பார். ஆனால் தொகை எதுவும் அவர் வாயிலிருந்து வராது. "நான் பணத்தச் சொல்லிட்டேன்னா அப்புறம் அவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டான்யா. பணத்தத்தான் பாப்பான்" என்பார்.

அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பெரிய சிகிச்சை என்றால் நோயாளியைப் பார்த்துவிட்டு, கவுண்டருக்கு உள்பக்கமாக வந்து என் அருகில் நிற்பார். கழற்றிய வெள்ளைக் கோட்டு அவர் முன்கையில் தொங்கும். பேனா தேடுவதுபோல் குனிவார். கோட்டுக்கு அடியில் என் விரல்களைப் பிடிப்பார். நான் அவர் உள்ளங்கையை ஒரு முறை அழுத்துவேன். அவர் போய்விடுவார். தோல் தொழிற்சாலை முதலாளி வீட்டு ஆள் என்றால் நிறைய விரல். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்ப்பவன் என்றால் கம்மி. சில சமயம் விரல்களை எல்லாம் மடக்கி முஷ்டியைக் காட்டுவார். ஒன்றும் வாங்காதே என்று அர்த்தம்.

ஆளைப் பார்த்து மதிப்பிடுவதில் எங்களுக்குள் வேடிக்கையும் உண்டு. மற்ற ஊரில் காலைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். ஆம்பூரில் அது செல்லாது. ஏற்றுமதியில் கழித்த ஷூ எல்லார் காலிலும் இருக்கும். "லண்டன்காரன் மாதிரி வர்றான்யா, உள்ள பாத்தா சாக்ஸ் இல்ல" என்று டாக்டர் சிரிப்பார்.

இந்த முறையில் நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. இல்லாதவனுக்குக் குறைத்தது இன்னொருவன் கண்ணில் படாது. அவன் தலைகுனியாமல் வெளியே போவான். அதில் ஒரு மரியாதை இருந்தது. குறை முறையில் இல்லாவிட்டால் எங்கே இருந்தது என்று கேட்டால், கவுண்டரில் உட்கார்ந்திருந்த என்னிடம் இருந்தது.

தரகன் மகனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. பிடித்த விரலுக்கு மேல் கொண்டு வந்தால் அது சாமர்த்தியம். டாக்டர் சொன்ன தொகையை விட ஜாஸ்தியாகக் கட்ட வைத்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. அந்தப் பணத்தில் ஒரு பைசா நான் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் திருட்டு என்று எனக்கே உறைத்திருக்கும். எடுக்காததால் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

கோமளா வந்தது ஒரு காலை நேரம். செல்போன் எல்லார் கையிலும் வந்திராத காலம். மாதனூர் பக்கத்துக் கிராமம். பெரிய கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன ஷெட் ஒன்றில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இ.எஸ்.ஐ. காப்பீடு எல்லாம் இல்லாத இடம். மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு வேலை பார்த்து, விரல் வாழைப்பூ மாதிரி வீங்கிய பிறகு வந்திருந்தார். காய்ச்சலும் இருந்தது. மற்றக் கையால் அந்தக் கையைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சத்தம் இல்லை. அழுகை இல்லை.

டாக்டர் பார்த்தார். "உள்ள சீழ் வெச்சிருக்கு. நரம்பு ஒறைக்குள்ள ஏறுது. இன்னிக்கே கீறி எடுத்துடணும்மா. நாளைக்கின்னு சொல்லாத" என்றார். பிறகு கவுண்டருக்குள் வந்து குனிந்தார். கோட்டுக்கு அடியில் என் விரலைப் பிடித்தார். மிகக் கம்மியான தொகை. நான் அழுத்தினேன். அவர் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் முனிரத்தினம் கவுண்டருக்கு வந்தார். கூலி விவசாயி. தோலில் வெயில் ஏறிய ஒல்லி ஆள். இடுப்பு வேட்டி மடிப்பில் எதையோ வைத்து, பேசும்போதெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது என் கண்ணில் பட்டது. பணம் கொண்டு வந்திருக்கிறான், கனமாகவே இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

"எவ்ளோ ஆவும் சார்?"

"மொதல்ல அட்மிஷன் போடுங்க. பாத்துக்கலாம்."

"இல்ல சார், ஒரு அந்தாஜா... எவ்ளோ ஆவும்?"

"அதெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சாத்தான் தெரியும்பா. நீ எவ்ளோ வெச்சிருக்க, சொல்லு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மூன்றாவது முறையாகக் கேட்டார், குரல் தாழ்ந்து, ஏறக்குறைய கெஞ்சலாக: "சார், எவ்ளோன்னு மட்டும் சொல்லிடுங்க சார்."

"பாத்துக்கலாம்னு சொல்றேன் இல்ல?"

யார் முதலில் வாயைத் திறப்பது என்ற விளையாட்டு அது. நான் ஒருவன் மட்டும்தான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"வெளிய போய் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன் சார்" என்றார். மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்பினார். "உக்காந்திருக்கட்டுமே" என்று நர்ஸ் சொன்னபோது, "காத்தாட வரட்டும் சிஸ்டர்" என்றார். வாசலைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

மதியம் டாக்டர் கேட்டார். "அந்த வெரல் பொண்ணு எங்கய்யா?"

"போய்ட்டாங்க சார். பணம் பொரட்டிட்டு வருவாங்க போல."

"இதுக்குமா பொரட்டணும்?" என்றார். அதோடு விட்டுவிட்டார். நானும்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிரசவ வலியோடு ஒரு சின்னப் பெண்ணை அழைத்துக்கொண்டு மூன்று நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் நேராகக் கவுண்டருக்கு வந்து, கையைப் பலகைமேல் வைத்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை.

"சுகப் பிரசவத்துக்கு எவ்ளோ, ஆபரேஷனுக்கு எவ்ளோ, ரூமுக்கு எவ்ளோ? சொன்னாத்தான் என் தங்கச்சிய உள்ள படுக்க வெப்பேன்."

சொன்னேன். அந்தக் கவுண்டரில் யாருக்கும் அப்படி வாய்விட்டு நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, "கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"மறந்துட்டீங்களா சார்? நீங்கதான உக்காந்திருந்தீங்க." குரலில் கோபம் இல்லை. தங்கை உள்ளே இருக்க, வெளியே காத்திருந்த நேரத்தில் கோமளாவே சொன்னார். அன்று ஊருக்குப் போய்ப் பச்சிலைக் கட்டுப் போட்டார்கள். கை முழங்கை வரை சிவந்தபோது வேலூர் அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். கையைக் காப்பாற்ற விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மெஷினில் இனி உட்கார முடியாது. பசை தடவுகிற வேலை, கம்மிக் கூலி.

"ஏம்மா அன்னிக்கி போய்ட்டீங்க?"

"எங்காளு பயந்துட்டாரு சார். நம்ம கறவ மாட்ட அதுக்கு மொத வாரந்தான் பொய்கை சந்தையில வித்தாரு. அந்தப் பணம் அப்படியே மடியில இருந்துச்சு. நீங்களும் டாக்டரும் கோட்டுக்குள்ள கை புடிச்சீங்களாமே? அத பாத்துட்டாரு. சந்தையில ரெண்டு தரகருங்க துண்டுக்குள்ள கை போட்டா, மாட்டுக்காரன் தலையில துண்டுன்னு அர்த்தம். 'மாடு வித்த பணமும் போச்சு, மேல கடனும் ஆவும், வா போலாம்'னு இழுத்துக்கினு வந்துட்டாரு. எவ்ளோன்னு கேட்டா நீங்களும் சொல்ல மாட்டேன்னுட்டீங்க."

மாடு என்ன விலைக்குப் போனது என்பதையும் அவர் சொன்னார். அன்று டாக்டர் என் விரலில் சொன்ன தொகை அதில் பாதிகூட இல்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் குறைக்கத்தான் என் கையைப் பிடித்தார் அம்மா, உங்கள் மடியில் இருந்ததே போதும், நான்தான் சொல்லவில்லை என்று. வாய் வரவில்லை. முதல் முறை சொல்லாதது தரகுப் புத்தியால். இரண்டாவது முறை கோழைத்தனத்தால். இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அன்று வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு, அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது. முழுவதும் கேட்டார்.

"கம்மியாத்தானய்யா புடிச்சேன்?"

"ஆமா சார்."

"நீ சொல்லலியா?"

"சொல்லல சார். அவன் எவ்ளோ வெச்சிருக்கான்னு பாத்தேன்."

குழாயை மூடாமல் நின்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்தான் பேசினேன். "போர்டு ஒண்ணு வெச்சிடலாம் சார். எதுக்கு எவ்ளோன்னு எழுதி மாட்டிடலாம்."

"போர்டு வெச்சா எல்லாருக்கும் ஒரே வெல ஆயிடும்யா. இல்லாதவனுக்கு எப்படி கம்மி பண்றது?"

"மேல் வெலய எழுதுவோம் சார். அதுக்கு மேல ஒரு பைசா வாங்கக் கூடாது. கீழ எவ்ளோ வேணா எறங்கலாம். எறங்கறத யாரும் பாக்க வேணாம்."

சில நாள் யோசித்தார். பிறகு ஒரு காலையில், "எழுது" என்றார். அதற்குப் பிறகு அவர் என் விரலைப் பிடிக்கவே இல்லை. குறைக்க வேண்டுமென்றால் அவரே நோயாளியை அறைக்குள் கூப்பிட்டு, வாய்விட்டுத் தொகையைச் சொன்னார். வாழ்நாளெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிய காரியத்தை, என்னை நம்ப முடியாமல் அவரே செய்தார். எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான்.

பலகையைப் பார்த்து ஊர் சிரித்தது. "இன்னா சார், மசாலா தோசைக்கு ரேட் போடலியா?" என்றார் ஒரு மண்டிக்காரர். "போர்டுல இருக்கிறது ஹோல்சேலா ரீடெய்லா?" என்றார் இன்னொருவர். மற்ற நர்சிங் ஹோம்காரர்கள் டாக்டரிடம் வந்து சண்டை போட்டார்கள். ஆனால் கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள், நோய் இல்லாத நாளிலும் இறங்கி வந்து வாசலில் நின்று படித்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று ஒருத்தியைக் கேட்டேன். "தெரிஞ்சு வெச்சிக்கிட்டா ராத்திரில பயம் இருக்காது சார்" என்றாள்.

கோமளா வீட்டுக்கு ஒருநாள் பணத்தோடு போனேன். தொட மறுத்துவிட்டார். "பணம் வேணாம் சார். எங்க ஊருல யாருக்காவது முடியலன்னா உங்களக் கேப்போம். எங்க போனா எவ்ளோ ஆவும்னு வெசாரிச்சு சொல்லணும். அது போதும்." முனிரத்தினம் எனக்குச் சோடா வாங்கி வந்து கொடுத்தார். மனைவியின் கையைப் பார்க்காமலேயே பேசினார். "தப்பு என்னுது சார். அவசரப்பட்டுட்டேன்" என்றார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். கட்டிடம் கை மாறியது, பலகையைக் கழற்றிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றேன். போன் மட்டும் ஓயவில்லை. மாதனூரிலிருந்து, ஏலகிரி மலைக்கு மேலிருந்துகூட யாராவது கூப்பிடுவார்கள். "சார், குடலிறக்கத்துக்கு எவ்ளோ ஆவும்?" நான் மருத்துவமனைகளைக் கூப்பிட்டு விசாரிப்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்." என்னுடைய வார்த்தை. வேறு வேறு குரல்களில் எனக்கே திரும்பி வருகிறது.

ஆகவே கல்பனா, உங்கள் டாக்டர்களுக்கு என் அனுபவம் இதுதான். நீங்கள் எல்லாம் நல்லவர்களாக இருக்கலாம். எங்கள் டாக்டரை விட நல்லவரை நான் பார்த்ததில்லை. அவர் கருணையே கோட்டுக்கு வெளியே நின்றவருக்குச் சதி போலத் தெரிந்தது. நல்லவர் என்பதை வெளியே நிற்பவனால் பார்க்க முடியாது. பலகையை அவனால் பார்க்க முடியும்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்தேன். கல்பனா அதைக் கூட்டத்தில் படித்தார் என்றும், ஒரு மூத்த டாக்டர் பாதியில் எழுந்து போனார் என்றும் கேள்விப்பட்டேன். ஆனால் பலகை வந்துவிட்டது. தமிழில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எந்த விலையையும் நான் சொல்லவில்லை, அது அவர்கள் கணக்கு. "சீழ்க்கட்டி கீறி எடுத்தல்" என்ற ஒரு வரி மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்றேன்.

கடைசியாக நடந்ததை இப்போதுதான் சேர்க்கிறேன்.

போன மாதம் முனிரத்தினத்துக்கு அதே மருத்துவமனையில் குடலிறக்க ஆபரேஷன். துணைக்குப் போனேன். வரவேற்பறையில் பலகைக்கு முன்னால் கோமளா நின்று, நடுவிரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சீழ்க்கட்டி வரியில் விரல் நின்றது. முனிரத்தினம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தார்.

"அன்னிக்கி டாக்டர் உங்க கையில எவ்ளோ புடிச்சாரு சார்?"

இத்தனை வருடமும் அவர் கேட்டதில்லை. நான் சொன்னேன். தொகையைச் சொன்னேன். குறைக்கத்தான் பிடித்தார், நான்தான் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தேன், அதற்குள் அவர் கை காட்டி நிறுத்தினார்.

பிறகு, "எங்காளுகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றார். "பணம் பத்தாதுன்னுதான் ஓடுனேன்னு நெனச்சுக்கினு கீறாரு. மடியில இருந்தே பத்தியிருக்கும்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

முனிரத்தினம் பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடி வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார். மனைவியின் விரல் இருந்த வரியை அவரும் பார்த்துவிட்டார்.

"இந்த மாதிரி அப்பவே ஒண்ணு இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி எவ்ளோ ஆயிருக்கும் சார்?"

அதே மனிதர், அதே கேள்வி. கோமளா என்னைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோமளா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சை விலக்கி ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தார்.